விளம்பரம் வந்தா மட்டும் ஏன் இந்தக் கத்தல்? - ஓர் அலசல்



டி.வி.யில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கிறது. கதாநாயகி, மாமியாருக்குக் கேட்காமல் கணவன் காதில் ஏதோ ரகசியம் சொல்கிறாள். மாமியாருக்குக் கேட்டதோ இல்லையோ, நமக்குக் கேட்கவில்லை. "சவுண்டைக் கொஞ்சம் வைப்பா" என்கிறார் வீட்டில் ஒருவர். வால்யூம் 18-லிருந்து 27-க்கு ஏறுகிறது. ரகசியம் முடிவதற்குள் டமால் என்று ஒரு சலவை சோப்பு வந்து விழுகிறது. தூங்கிய குழந்தை விழித்து அழுகிறது. பாட்டி, "அந்தச் சனியனை அமுக்கித் தொலைடா" என்கிறார். ரிமோட்டோ சோபா இடுக்கில் எங்கேயோ! டி.வி. இருக்கிற எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்துதான் இது.

எரிச்சலூட்டும் விளம்பரங்களை உட்கார்ந்து திட்டுவதென்றால் இந்த மலர் முழுவதும் எனக்கே வேண்டும். ஆனால் மலர்க் குழுவினர் கேட்டது பாடம் சம்பந்தப்பட்ட கட்டுரை. எனவே ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விளம்பரம் வரும்போது சத்தம் கூடுவது நிஜமா, நம் பிரமையா? நிஜம் என்றால் எப்படிச் செய்கிறார்கள்?

கேன்டீனில் கேட்டுப் பார்த்தால் மெக்கானிக்கல் நண்பர்கள் கூசாமல் சொல்வார்கள்: "ஸ்டேஷன்ல ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான்டா, விளம்பரம் வந்ததும் வால்யூமைத் திருகி விட்டுடுவான்." டி.வி. நிலையத்தாரோ, "நாங்கள் ஒரு புள்ளி கூட ஏற்றுவதில்லை, மீட்டரைப் பாருங்கள்" என்று பல தேசங்களிலும் பல வருடங்களாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் நிலையத்தார் சொன்னது பொய்யில்லை. பாட்டி சொல்வதும் பொய்யில்லை. மீட்டர் ஏறவில்லை, சத்தம் ஏறியது! இது எப்படி?

முதலில் நிலையத்தாரின் பக்கத்தைப் பார்ப்போம். கம்யூனிகேஷன் பாடத்தில் மாடுலேஷன் படித்திருக்கிறோம். ஏ.எம். ஒலிபரப்பில் 100 சதவீதத்துக்கு மேல் மாடுலேஷன் போனால் அலையின் உறை உடைந்து டிஸ்டார்ஷன் வரும், பக்கத்து நிலையத்தின் அலைவரிசையிலும் போய் இரைச்சல் கொட்டும். எஃப்.எம். ஒலிபரப்பில் டீவியேஷன் பிளஸ் ஆர் மைனஸ் 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. இன்றைய டிஜிட்டல் ஒலிக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. எல்லா பிட்டும் நிரம்பிய அளவைப் பூஜ்ய டெசிபல் என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு துளி ஏற்றினாலும் அலையின் தலை வெட்டுப்பட்டுப் போகும். ஆக, உச்சிக்கு ஒரு கூரை இருக்கிறது. சீரியலுக்கும் அதே கூரைதான், சோப்புக்கும் அதே கூரைதான். கூரையை இடித்துக்கொண்டு யாரும் மேலே போக முடியாது.

அப்படியானால் சோப்புக்காரர் என்ன செய்கிறார்? கூரைக்கு அடியில் இருக்கிற காலி இடத்தை நிரப்புகிறார்.

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அங்கொருவர் இங்கொருவர் எழுந்து நிற்கிறார்கள். இது சீரியல். அதே மண்டபத்தில் தாலி கட்டும் நேரம், அத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள். இது விளம்பரம். அதிகபட்ச உயரம் என்று அளந்தால் இரண்டு தடவையும் ஒரே ஆறடிதான். ஆனால் பின்னால் நிற்கிறவருக்கு மேடை தெரியுமா?

இதையே கணக்கில் பார்த்துவிடலாம். முதலாண்டு எலெக்ட்ரிகல் பாடம்தான், பயப்பட வேண்டாம். ஒரு வோல்ட் உச்சமுள்ள சைன் அலை. அதன் ஆர்.எம்.எஸ். மதிப்பு 0.707 வோல்ட். அதே ஒரு வோல்ட் உச்சமுள்ள சதுர அலையின் ஆர்.எம்.எஸ். முழுசாக ஒரு வோல்ட். உச்சத்தை மட்டும் காட்டும் மீட்டரில் இரண்டும் ஒன்று. ஆனால் ஸ்பீக்கருக்குப் போகிற பவர் சதுர அலையில் இரண்டு மடங்கு, அதாவது 3 டெசிபல் அதிகம். சைனும் சதுரமும் ஒழுங்கான அலைகள், அதனால் வித்தியாசம் இத்தோடு நின்றது. மனிதப் பேச்சு அப்படியில்லை. அதில் வல்லெழுத்துக்கள் முட்டி நிற்கும், மூச்சு வாங்கும், நடுவில் மௌனம் வரும். சாதாரணப் பேச்சில் உச்சத்துக்கும் ஆர்.எம்.எஸ்.ஸுக்கும் நடுவே சுமார் 12 டெசிபல் இடைவெளி இருக்கும். இதற்குத்தான் கிரெஸ்ட் ஃபாக்டர் என்று பெயர். நன்றாக நசுக்கிப் பிழிந்த விளம்பரத்தில் இது பாதியாகச் சுருங்கிப் போகலாம்.

நசுக்குவது என்றேன் அல்லவா, அந்த நசுக்கும் கருவிக்கு கம்ப்ரஸர் என்று பெயர். (ஏ.சி. மெஷினில் இருப்பது இல்லை, மெக்கானிக்கல் நண்பர்கள் ஆசையோடு பக்கத்தைப் புரட்ட வேண்டாம்.) இது தானாகவே கெயினைக் குறைத்துக்கொள்ளும் ஒரு ஆம்ப்ளிஃபையர். அதில் திரெஷோல்ட் என்று ஒரு எல்லை உண்டு. எல்லைக்குக் கீழே வரும் ஒலியை அது தொடாது. எல்லையைத் தாண்டி வரும் ஒலியைக் குறிப்பிட்ட விகிதத்தில் அமுக்கும். திரெஷோல்ட் மைனஸ் 20 டெசிபல், விகிதம் 4-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். உச்ச ஒலி பூஜ்ய டெசிபலில் வருகிறது. எல்லையைவிட 20 டெசிபல் மேலே. கம்ப்ரஸர் அந்த 20-ஐ 5 ஆக்கிவிடும். வெளியே வருவது மைனஸ் 15. "அட, சத்தம் குறைஞ்சுதானே போச்சு?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இப்போது கூரைக்கும் உச்சிக்கும் நடுவே 15 டெசிபல் காலி. அதை விட்டுவைப்பார்களா? மேக்-அப் கெயின் என்று மொத்த ஒலியையும் 15 டெசிபல் தூக்குகிறார்கள்.

விளைவைப் பாருங்கள். பூஜ்யத்தில் இருந்தது மறுபடி பூஜ்யத்துக்கே வந்துவிட்டது. மைனஸ் 8-ல் இருந்தது மைனஸ் 2-க்கு வந்துவிட்டது. மைனஸ் 20-ல் இருந்தது மைனஸ் 5-க்கு ஏறிவிட்டது. மைனஸ் 40-ல் இருந்த மூச்சுச் சத்தம் கூட மைனஸ் 25-க்கு வந்து உட்கார்ந்துவிட்டது. உச்சம் ஒரு இம்மி கூடவில்லை. ஆனால் அடியில் இருந்ததெல்லாம் 15 டெசிபல் மேலே! 10 டெசிபல் ஏறினால் காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும் என்பது பொதுவான கணக்கு. பாட்டி கோபப்பட்டதில் தப்பே இல்லை.

கம்ப்ரஸர் என்பது கெட்ட கருவி என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல பாட்டுப் பதிவு எதையும் இது இல்லாமல் செய்வது அபூர்வம். எஃப்.எம். நிலையங்கள் தங்கள் மொத்த ஒலியையும் டிரான்ஸ்மிட்டருக்கு அனுப்பும் முன் இதுபோன்ற ஒரு கருவி வழியாகத்தான் விடுகின்றன. அதனால்தான் ஓடுகிற பஸ்ஸில், இன்ஜின் இரைச்சலுக்கு நடுவிலும் பாட்டு கேட்கிறது. அதனாலேயே ரேடியோவில் நிகழ்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் சத்த வித்தியாசம் டி.வி. அளவுக்கு உறுத்துவதில்லை, அங்கே எல்லாமே நசுங்கித்தான் வருகிறது. சீரியலையும் சினிமாவையும் ஒலிப்பதிவு செய்கிறவர் ரகசியத்துக்கும் அலறலுக்கும் வித்தியாசம் வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைக்கிறார். அந்த நியாயமான வேலைக்குப் பக்கத்தில் நசுக்கிய விளம்பரத்தை ஒட்டும்போதுதான் தகராறு.

நம் காதும் இதில் விளம்பரக்காரருக்குத் துணை போகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-ல் வெளியிட்ட வளைகோடுகளை அக்கூஸ்டிக்ஸ் பாடத்தில் பார்த்திருப்பீர்கள். எல்லா அதிர்வெண்ணும் நம் காதுக்குச் சமம் அல்ல. ஆயிரம் ஹெர்ட்ஸில் 40 டெசிபல் உள்ள ஒலி எவ்வளவு சத்தமாகத் தோன்றுகிறதோ, அதே அளவு தோன்ற 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 60 டெசிபலுக்கும் மேல் வேண்டும். காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஈக்வலைசரை வைத்து அந்தப் பகுதியைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும், வோல்ட்மீட்டர் அசையாது, ஆனால் குரல் நேராக மண்டைக்குள் இறங்கும். சில விளம்பரக் குரல்கள் தகரத்தைச் சுரண்டுவது போல இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

இனி, நாம் பொதுவாக யோசிக்காத ஒரு விஷயம். நம் நாட்டில் டி.வி., ரேடியோ விளம்பரக் கட்டணத்தை 10 விநாடி கணக்கில்தான் பேசுகிறார்கள். 10 விநாடிக்குள் பொருளின் பெயர் இரண்டு தடவை வர வேண்டும், விலை வர வேண்டும், இலவச ஸ்பூன் வர வேண்டும், பாட்டு வர வேண்டும், "கடைகளில் கேட்டு வாங்குங்கள்" வர வேண்டும். இதில் மூச்சு விட நேரம் ஏது? பேசுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தை எடிட்டிங்கில் வெட்டி எறிகிறார்கள். விளம்பரத்தில் ஆக விலை உயர்ந்த சரக்கு மௌனம்தான்! மௌனத்தை வெட்டினால் சராசரி தானாகவே ஏறும். கம்ப்ரஸர் பாதி வேலையைச் செய்கிறது என்றால் கட்டண அட்டை மீதிப் பாதியைச் செய்துவிடுகிறது.

மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசியில் ஒருவர் ஒரே மூச்சில் எச்சரிக்கை வாசிப்பாரே, அதுவும் இந்தக் கதைதான். சட்டப்படி சொல்லியாக வேண்டும், காசு கொடுத்த நேரத்தைத் தர மனசில்லை. ரயில் போகிற வேகத்தில் வாசித்துத் தள்ளினார்கள். கடைசியில் செபி தலையிட்டு, 2008-ல் அந்த எச்சரிக்கையை 5 விநாடியாவது வாசிக்க வேண்டும் என்று நேரத்தைக் கூட்டியது. முதலீடு செய்கிறவர் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டிய ஒரே வாக்கியத்துக்கு அரசு நிறுவனம் ஒன்று ஸ்டாப்வாட்ச் பிடிக்க வேண்டியிருந்தது!

சத்தம் போகட்டும், திரும்பத் திரும்ப ஒரே விளம்பரத்தைப் போட்டு உயிரை வாங்குகிறார்களே, அது ஏன் என்று கேட்பீர்கள். இது எலெக்ட்ரானிக்ஸ் இல்லை, ஆனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராபர்ட் சையான்ஸ் என்ற உளவியலாளர் 1968-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். அர்த்தமே தெரியாத சொற்களையும் எழுத்துக்களையும் ஆட்களுக்குக் காட்டினார், சிலவற்றை அடிக்கடியும் சிலவற்றை எப்போதாவதும். அடிக்கடி பார்த்ததையே "நல்லா இருக்கு" என்று ஆட்கள் சொன்னார்கள். பழக்கமே ஒரு பிடித்தமாக மாறிவிடுகிறது. இந்த ஆய்வு வருவதற்கு முன்பே, 1950-களில், ராஸர் ரீவ்ஸ் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் இதை வியாபாரத்தில் காட்டிவிட்டார். நமக்கும் தெரிந்த அனாசின் மாத்திரைக்கு அவர் எடுத்த விளம்பரத்தில் ஒரு மனிதத் தலை, அதற்குள் ஒரு சுத்தியல் ஓயாமல் அடிக்கும். பார்த்தவர்களுக்கே தலைவலி வந்தது. ஜனங்கள் அதை வெறுத்தார்கள், ஆனால் மாத்திரை அமோகமாக விற்றது. விளம்பரம் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை, ஞாபகம் இருந்தால் போதும் என்பது அவர் கட்சி. இலங்கை வானொலியில் கேட்ட பல்பொடிப் பாட்டை நம் பெரியவர்கள் இன்றும் பாடிக் காட்டுகிறார்களே, அவர் கட்சியில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது. ஒரு வித்தியாசம்: அந்தப் பாட்டைப் பாடும்போது அவர்கள் சிரிக்கிறார்கள். சுத்தியலை நினைத்து யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

விளம்பரத் தொல்லை ஒன்றும் நேற்று வந்ததில்லை. காசு வாங்கிக்கொண்டு ரேடியோவில் விளம்பரம் செய்தது 1922 ஆகஸ்ட் 28-ல், நியூயார்க்கின் ஒரு நிலையத்தில், அடுக்குமாடி வீடு விற்க. இன்று நம் எஃப்.எம்.களில் பாதி நேரம் பிளாட் விற்கிறார்கள் என்று குறைபட்டால், ஆரம்பமே அப்படித்தான்! நம் நாட்டில் விவித் பாரதி 1967 நவம்பரில் விளம்பரங்களை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது, தூர்தர்ஷன் 1976 ஜனவரியில்.

எரிச்சலிலும் ஒரு நன்மை விளைந்திருக்கிறது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நம் கையில் இருக்கும் ரிமோட்டே விளம்பர எரிச்சலில் பிறந்ததுதான். அமெரிக்காவின் ஸெனித் கம்பெனித் தலைவர் யூஜின் மெக்டொனால்டுக்கு விளம்பரம் என்றாலே ஆகாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அதன் வாயை அடைக்க ஒரு கருவி வேண்டும் என்று தன் இன்ஜினியர்களை விரட்டினார். 1955-ல் யூஜின் பாலி ஒளிக்கற்றையால் வேலை செய்யும் ரிமோட்டைச் செய்தார். டி.வி.யின் நான்கு மூலையிலும் ஒளி உணரும் செல். அதில் ஒரு சிக்கல், ஜன்னல் வழியே வெயில் அடித்தாலும் சேனல் தானாக மாறிக்கொண்டது. அடுத்த வருடம் ராபர்ட் ஆட்லர் அல்ட்ராசோனிக் முறைக்கு மாற்றினார். பட்டனை அமுக்கினால் சின்னச் சுத்தியல் அலுமினியக் கம்பியைத் தட்டும், காதுக்குக் கேட்காத அந்த மணிச் சத்தம் டி.வி.க்குக் கட்டளை. பேட்டரியே வேண்டாம்! புராஜெக்ட் தேடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

ரிமோட் என்பது தலைவலிக்குத் தைலம் மாதிரி. தலைவலி ஏன் வருகிறது என்பதற்கு வருவோம். முழு வில்லங்கமும் மீட்டரில் இருந்தது. உச்சத்தை அளக்கும் மீட்டரை வைத்துக்கொண்டு "நாங்கள் சட்டத்துக்குள் இருக்கிறோம்" என்று சொல்வது, ஓட்டலில் சாப்பிட்டவரின் உயரத்தை அளந்து பில் போடுவது மாதிரி. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1965-லேயே கத்தும் விளம்பரங்கள் பற்றி ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. ஆனால் "சத்தம்" என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி எந்த எண்ணால் சொல்வது? அது இல்லாமல் யாரையும் பிடிக்க முடியவில்லை. பல பத்தாண்டுகள் இப்படியே ஓடின.

அந்த எண் 2006-ல் வந்தது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட பி.எஸ். 1770 என்ற பரிந்துரை, காது உணரும் சத்தத்தை அளக்க ஒரு வழி சொன்னது. வழி மிக எளிமையானது, டிப்ளமோ படித்த எவருக்கும் புரியும். ஒலியை முதலில் ஒரு ஃபில்டர் வழியாக விடு. அது கீழ்ஸ்தாயியைக் குறைத்து, மேல்ஸ்தாயியைச் சுமார் 4 டெசிபல் தூக்கும், அதாவது காதைப் போல நடிக்கும். பிறகு வர்க்கப்படுத்திச் சராசரி எடு. சேனல்களைக் கூட்டு. லாக் எடு. அவ்வளவுதான்! கிடைக்கும் எண்ணுக்கு எல்.யூ.எஃப்.எஸ். என்று அலகு. ஒரு எல்.யூ. என்பது ஒரு டெசிபல்.

பின்னால் 2011-ல் இதில் ஒரு முக்கியமான திருத்தம் வந்தது. ஒலியை 400 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டி, மிகவும் அமைதியான துண்டுகளைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். இது எதற்கு? கெட்டிக்கார விளம்பரக்காரர் ஒருவர் பாதி விளம்பரத்தை அமைதியாக விட்டு, மீதிப் பாதியில் காது கிழியக் கத்தி, "சராசரி சரியாக இருக்கிறதே!" என்று சொல்லலாம் அல்லவா? அந்த ஓட்டையை அடைக்க. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-ல் ஆர் 128 என்ற பரிந்துரையில் எல்லாம் மைனஸ் 23-ல் இருக்கட்டும் என்றது. அமெரிக்காவின் ஏ 85 நடைமுறை மைனஸ் 24 என்றது.

இந்த மீட்டர் கிடைத்த பிறகுதான் சட்டம் போட முடிந்தது. அன்னா எஷூ என்ற பெண் எம்.பி. கொண்டுவந்த மசோதாவில் 2010 டிசம்பர் 15-ல் ஒபாமா கையெழுத்திட்டார். பெயரே அழகு, "காம்" சட்டம், ஆங்கிலத்தில் அமைதி என்று பொருள். 2012 டிசம்பர் 13 முதல் அமெரிக்க டி.வி.யில் விளம்பரத்தின் சராசரிச் சத்தம் நிகழ்ச்சியின் சத்தத்தைவிடக் கூடக் கூடாது என்றானது. ஆனால் சட்டம் டி.வி.யோடு நின்றது. ரேடியோவைத் தொடவில்லை, இன்டர்நெட் வழியாக வரும் படங்களையும் தொடவில்லை. இந்த ஓட்டையை அடைக்க கலிஃபோர்னியா மாநிலம் 2025 அக்டோபரில் தனியாக ஒரு சட்டம் போட்டது, 2026 ஜூலை 1 முதல் அமலாகும்படி. அதற்குத் தூண்டுகோல் என்ன தெரியுமா? செனட்டர் ஒருவரின் உதவியாளர் வீட்டுக் கைக்குழந்தை. கஷ்டப்பட்டுத் தூங்க வைத்த பிள்ளையை விளம்பரம் எழுப்பிவிட்டதாம். ஊருக்கு ஊர் பிள்ளைகள் ஒன்றுதான்!

புதிய மீட்டரால் ஒரு சுவையான மாற்றம் நடந்தது. நசுக்கிய விளம்பரத்தின் சராசரி அதிகம், எனவே அதை நிலையத்தில் மொத்தமாகக் கீழே இறக்கிவிடுவார்கள். நசுக்காமல் எடுத்த விளம்பரம் அதே சராசரியில் இருந்தாலும் அதன் உச்சிகள் துள்ளிக்கொண்டு நிற்கும், கேட்க உயிரோடு இருக்கும். நசுக்கியது தோசைக்கல்லில் அமுங்கிய மாவு மாதிரி சப்பையாகக் கேட்கும். கத்தினால் லாபம் என்ற நிலைமை போய், கத்தினால் நஷ்டம் என்றானது. விளம்பரக்காரர்கள் திருந்தவில்லை, அளவுகோல் மாறியது, அவ்வளவுதான்.

சரி, நம் நாட்டு நிலைமை? சட்டம் இல்லாமல் இல்லை. 1994-ஆம் வருட கேபிள் டி.வி. விதிகளில் 7-வது விதியின் 6-வது பிரிவு, விளம்பரத்தின் படமும் ஒலியும் அளவு மீறிச் சத்தமாக இருக்கக் கூடாது என்கிறது. "அளவு மீறி" என்றால் எந்த அளவு? அந்த வாக்கியத்தில் டெசிபல் என்ற வார்த்தையே இல்லை. டிராய் அமைப்பு 2012 மே மாதம் வெளியிட்ட ஒழுங்குமுறையில், விளம்பரத்தின் ஒலி அளவு நிகழ்ச்சியின் ஒலி அளவைவிட அதிகமாக இருக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. சேனல்கள் கடுமையாக எதிர்த்தன. 2013 மார்ச்சில் திருத்தம் வந்தபோது ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிட விளம்பரம் என்ற கணக்கு மட்டும் மிஞ்சியது, சத்தம் பற்றிய வரி காணாமல் போனது. 12 நிமிடக் கணக்கையும் எதிர்த்துச் சேனல்கள் கோர்ட்டுக்குப் போயின.

என்னைக் கேட்டால் 12 நிமிடத்தைவிட அந்தக் காணாமல் போன வரிதான் முக்கியம். 12 நிமிடம் விளம்பரம் ஓடினால் நாம் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். சத்தத்துக்கு அப்படிப் போக்கிடம் இல்லை. அடுத்த அறையில் பரீட்சைக்குப் படிக்கிற தங்கைக்கும், நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும் அண்ணனுக்கும், படுக்கையில் இருக்கும் தாத்தாவுக்கும் அந்த டி.வி.யின் ரிமோட் கையில் இல்லை. அவர்கள் அந்த விளம்பரத்தைப் பார்க்கவும் இல்லை, சத்தத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். இதை நிறுத்த ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. மீட்டர் இருக்கிறது, மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அந்த "அளவு மீறி" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணை எழுத வேண்டும். நம்மில் பலர் நாளைக்கு கேபிள் கன்ட்ரோல் ரூமிலோ எஃப்.எம். ஸ்டுடியோவிலோ டிரெயினியாகப் போய் உட்காரப் போகிறவர்கள். எந்த மீட்டரைப் பார்ப்பது என்ற கேள்வி நம் மேஜைக்கே வரும்.

கேட்டதை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். கம்ப்யூட்டர் இருப்பவர்களுக்கு வேலை சுலபம். அரை மணி நேர டி.வி. ஒலியைப் பதிவு செய்து, நிகழ்ச்சியைத் தனியாகவும் விளம்பரத்தைத் தனியாகவும் வெட்டி, எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் உள்ள ஈ.பி.யூ. ஆர் 128 ஃபில்டரில் ஓட்டினால் எல்.யூ.எஃப்.எஸ். எண் வந்துவிடும். சாலிடரிங் அயர்னைப் பிடித்தால்தான் திருப்தி என்கிறவர்களுக்கு ஒரு சர்க்யூட் யோசனை.

எல்.எம். 3915 என்ற ஐ.சி. இரண்டு வாங்குங்கள். ஒவ்வொன்றும் 10 எல்.இ.டி.யை வரிசையாக எரிய விடும், ஒரு படிக்கு 3 டெசிபல். செட்-டாப் பாக்ஸின் பின்னால் உள்ள சிவப்பு, வெள்ளை ஆடியோ அவுட்டிலிருந்து சிக்னலை எடுங்கள். பழைய டி.வி.யின் ஸ்பீக்கர் ஒயரில் கை வைக்க வேண்டாம், சில செட்டுகளில் சேஸிஸே லைவாக இருக்கும், ஷாக் அடித்தால் கட்டுரையாளர் பொறுப்பல்ல. டையோடை மட்டும் நம்பினால் 0.6 வோல்ட் அதிலேயே போய்விடும், எனவே டி.எல். 072 மாதிரி ஆப்-ஆம்ப் வைத்து பிரிசிஷன் ரெக்டிஃபையர் கட்டிக்கொள்ளுங்கள். அதன் அவுட்புட்டை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு கிளை பீக் டிடெக்டருக்கு, அதாவது டக்கென்று ஏறி மெதுவாக இறங்குவது. இன்னொரு கிளை 100 கிலோ ஓம், 3.3 மைக்ரோஃபாரட் கொண்ட ஆர்.சி. சராசரிக்கு, கால மாறிலி சுமார் மூன்றில் ஒரு பங்கு விநாடி. ஐ.சி.யின் உள் ரெஃபரன்ஸ் 1.25 வோல்ட், எனவே பெரிய உச்சி வரும்போது பீக் கிளையில் 1.25 வோல்ட் வருமாறு கெயினை ஒரு பிரீசெட்டால் வைத்துவிட்டு, பிறகு தொடாதீர்கள்.

இப்போது சீரியலைப் போடுங்கள். பீக் வரிசை அவ்வப்போது உச்சியைத் தொடும், சராசரி வரிசை கீழேயே ஆடிக்கொண்டிருக்கும். விளம்பரம் வந்ததும் பீக் வரிசையைப் பார்க்காதீர்கள், அது அப்படியேதான் இருக்கும். சராசரி வரிசையில் எத்தனை எல்.இ.டி. கூடுதலாக எரிகிறது என்று எண்ணி மூன்றால் பெருக்குங்கள், வந்துவிட்டது டெசிபல். பத்துப் பதினைந்து இடைவேளைக்கு இப்படி எண்ணி நோட்டில் குறித்தால் நல்ல மினி புராஜெக்ட்.

ஒரே ஒரு எச்சரிக்கை. செய்திச் சேனல்களின் இரவு விவாதத்தை வைத்து மட்டும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். அங்கே நிகழ்ச்சியிலேயே இரண்டு வரிசையும் முழுசாக எரியும். விளம்பரம் வந்தால் ஒன்றிரண்டு எல்.இ.டி. அணைந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.